க்ளெபோன் யாரையும் கடிக்காது

முள்ளெலி லக்சோனோவின் சுட்டுவிரலைக் கவ்வி முக்கால் நிமிடம் ஆகியிருந்தது. விடுகிற எண்ணம் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை.

"லே, கத்தாதேடா. பக்கத்து வீட்டுல கேக்கும்" என்றாள் அம்மா.

"நான் கத்தலம்மா. மூச்சு விடறேன்."

"அப்போ மெதுவா விடு."

லக்சோனோ கையை உதறினான். முள்ளெலியும் விரலோடு சேர்ந்து ஊஞ்சல் ஆடியது. மூன்றாவது உதறலில் மெத்தையில் விழுந்து, பந்தாகச் சுருண்டு, 'புஸ் புஸ்' என்று அவனைத் திட்டியது.

கைப்பேசி ஒலித்தது. வெனிங் அனுப்பியிருந்தாள். 'க்ளெபோன் எப்படி இருக்கு, மாஸ்? கடிக்கலையே?' ஜாவாவில் இளைஞர்களை மரியாதையாக 'மாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

லக்சோனோ காயம் படாத இடது கட்டைவிரலால் பதில் எழுதினான். 'கடியா? தங்கம்! க்ளெபோன் யாரையும் கடிக்காது.'

முதல் நாளே இந்தக் கதி என்றால் இன்னும் ஒன்பது நாள் இருந்தன. அந்த ஒன்பது நாளில்தான் அவன் கல்யாணமே தொங்கிக்கொண்டிருந்தது.

லக்சோனோவுக்கு வயது முப்பத்து மூன்று. ஜாவாத் தீவின் சோலோ நகர ரயில் நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று சொல்கிற வேலை. வெனிங் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். அம்மாவின் மாதச் சீட்டுக் கூட்டத்தில் யாரோ சொல்லி, முந்தின நாள்தான் பெண் பார்க்கப் போனார்கள். வெனிங் குனிந்த தலையோடு தேநீர் கொடுத்தாள். கேட்டதற்கெல்லாம் "சரிங்க" என்றாள். லக்சோனோ அந்தத் தேநீரிலேயே விழுந்துவிட்டான்.

கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள். கையில் ஒரு கூண்டு.

"குட்டியிலேருந்து நான் வளர்த்தது, மாஸ். எனக்கு செமாராங்ல பத்து நாள் பயிற்சி. அதுவரைக்கும் பார்த்துக்கிறீங்களா? கொஞ்சம் கடிக்கும். சிரமமா இருந்தா உடனே சொல்லிடுங்க, நான் தப்பாவே நினைக்க மாட்டேன். ஆனா உங்ககிட்ட அது கடிக்காம இருந்துட்டா..."

அவள் அத்தோடு நிறுத்திப் புன்னகை செய்தாள்.

சோலோவில் யாரும் வாக்கியத்தை முடிப்பதில்லை. முடிப்பது மரியாதைக் குறைவு. மீதியைக் கேட்பவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். அம்மா அதை வீடு போய்ச் சேருவதற்குள் நிரப்பிவிட்டாள்.

"கடிக்காம இருந்துட்டா கல்யாணத்துக்குச் சம்மதம்னு அர்த்தம். வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, சீர்த் தட்டோட போய் முறைப்படி கேட்டுடறோம். அதுக்குள்ள இதை வழிக்குக் கொண்டா."

க்ளெபோன் என்பது உள்ளே வெல்லப்பாகு வைத்து, தேங்காய்த் துருவலில் புரட்டி எடுக்கும் உருண்டைக் கொழுக்கட்டை. முள்ளெலிக்கு அந்தப் பெயரை வைத்தவர் அதன் முதுகை மட்டும் பார்த்து வைத்திருக்க வேண்டும்.

அம்மா பச்சைப் புட்டியோடு வந்தாள். காயு புத்தி தைலம். ஜாவாவில் குழந்தை பிறந்த அன்று அதன் வயிற்றில் தடவுவார்கள். அந்த வாசனை பிறகு ஆயுளுக்கும் போகாது. தலைவலிக்கு அது. வயிற்றுவலிக்கு அது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும் அது. முள்ளெலிக் கடிக்கு மட்டும் ஆகாது என்று எந்தப் புட்டியிலும் எழுதியிருக்கவில்லை. அம்மா விரல் முழுக்கத் தடவினாள். போகிற போக்கில் மணிக்கட்டு, கழுத்து, நெற்றி எல்லாவற்றுக்கும் தடவினாள்.

மறுநாள் மாலை லக்சோனோ அதே விரலை நீட்டினான். க்ளெபோன் மூக்கைச் சுருக்கியது. ஒருமுறை நக்கியது. பிறகு வாயில் நுரை தள்ளியது. கழுத்தை முறுக்கி, நாக்கை நீட்டி, அந்த நுரையைத் தன் முதுகு முட்களில் தானே பூசிக்கொள்ள ஆரம்பித்தது.

"அம்மா! இங்க வா! இதுக்கு வலிப்பு!"

அம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை. "வலிப்பாவது! உடம்புக்குள்ள காத்து பூந்திருக்கு. தைலம் தடவி, காசை வச்சு முதுகுல நல்லா அழுத்திச் சுரண்டினா சரியாயிடும்."

"முதுகுலயா?"

அம்மா ஒரு கையில் காசும் ஒரு கையில் புட்டியுமாகக் கூண்டை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தாள். சுரண்டுவதற்கு ஏற்ற இடம் எதுவும் தென்படவில்லை. கடைசியில், "சரி, மூச்சுலயாவது போகட்டும்" என்று ஒரு துணியில் நாலு சொட்டு விட்டுக் கூண்டுக்குள் போட்டாள்.

காலையில் க்ளெபோனுக்கு யாரோ வெள்ளையடித்தது போல் இருந்தது. நுரை காய்ந்து முள் முள்ளாக நின்றது. துணியை எடுக்கக் கையை விட்ட லக்சோனோவை அது இரண்டு முறை கடித்தது.

தைல வாசனை ஆகவில்லை போலிருக்கிறது என்று அவனே யூகித்தான். யூகம் சரிதான். அதற்குக் கண்ட பரிகாரம்தான் சரியில்லை. கடைக்குப் போய், இருப்பதிலேயே வாசனையான மல்லிகை சோப்பு வாங்கி வந்து, முழங்கைவரை தேய்த்துக் குளித்தான். அன்று மாலை க்ளெபோன் நடுவிரலைத் தேர்ந்தெடுத்தது.

மறுநாள் ரயில் நிலையத்தில் சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்த்துக் கட்டப்பட்ட கையோடு உட்கார்ந்திருந்தான். ஒன்பது அட்டைப்பெட்டிகளோடு ஒரு குடும்பம் வந்தது. "மலாங் வண்டி எங்கே வரும்?" அறிவிப்புச் சத்தத்தில் பேச்சு எடுபடாது, வழக்கம்போல் இரண்டு விரலைக் காட்டினான். கட்டுக்குள் இருந்த இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. குடும்பம் முதல் நடைமேடைக்கு ஓடியது. இரண்டாவது நடைமேடையிலிருந்து மலாங் வண்டி நிதானமாகப் புறப்பட்டுப் போனது.

அந்தக் குடும்பத் தலைவர் திரும்பி வந்து, குரலை உயர்த்தாமல், புன்னகை மாறாமல், "உங்களுக்கு ரொம்ப வேலை போல" என்றார். சோலோக்காரர் வாயிலிருந்து அதைவிடக் கெட்ட வார்த்தை வராது.

பக்கத்து ஜன்னல் பொல்தாக் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சுமத்ராவிலிருந்து வந்த பாத்தாக் இனத்தவன். ரகசியம் சொன்னாலே இரண்டு நடைமேடைக்குக் கேட்கும்.

"ஏண்டா, ஒரு எலிக்குட்டியைத் தூக்க முடியல, நீ பொண்டாட்டியை வச்சுக் குப்பை கொட்டப் போறியா?"

"முள்ளெலி."

"என்ன எலியோ! பேசாம அந்தப் பொண்ணுகிட்ட, 'உன் எலி கடிக்குது, என்னைப் பிடிச்சிருக்கா இல்லையா'ன்னு கேளு."

"அப்படியெல்லாம் நேரா கேக்கக் கூடாது, பொல்தாக்."

"பதினஞ்சு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். நீங்க 'சரி'ன்னு சொன்னா அது சரியா, சரி இல்லையான்னு இன்னும் எனக்குப் பிடிபடல. எங்க ஊர்ல பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவோம். அன்னிக்கு அடிதடி ஆகும். மறுநாள் எல்லாம் சுத்தமாயிடும்."

அவன் சத்தம் பெரிது, மனசும் பெரிது. மாலையில் பட்டறையிலிருந்து வெல்டிங் கையுறை ஒரு ஜோடி வாங்கி வந்து கொடுத்தான்.

கையுறை போட்டுக்கொண்டு தூக்கியபோது க்ளெபோன் அந்தத் தோலுறையைக் கடித்தது. பல் இறங்கவில்லை. ஆனாலும் லக்சோனோ பயந்து, உடனே கூண்டில் விட்டான். மறுபடி தூக்கினான். கடித்தது. விட்டான். இரண்டே நாளில் அது பாடம் படித்துவிட்டது: கடித்தால் வீட்டுக்குப் போகலாம். ஆகவே தூக்கியவுடன் கடித்தது. பிறகு தூக்குவதற்கு முன்பே கடித்தது.

'சிரமம் ஒண்ணும் இல்லையே, மாஸ்?' என்று வெனிங் தினமும் கேட்டாள். 'இருந்தா சொல்லுங்க. தங்கச்சியை அனுப்பி வாங்கிக்கிறேன்.'

'இல்லவே இல்ல.'

ஐந்தாம் நாள், 'நிஜமாவா?' என்று வந்தது. ஆறாம் நாள், 'ஒரு படம் அனுப்புங்களேன்' என்று வந்தது. எவ்வளவு அக்கறை என்று லக்சோனோ உருகினான். கையுறை தெரியாதபடி ஓரத்தை வெட்டிவிட்டுப் படம் அனுப்பினான்.

ஏழாம் நாள் வீட்டில் சீட்டுக் கூட்டம். பெண்கள் வருகிற நேரத்தில் கூண்டு நாறக் கூடாது என்று அம்மா அதைக் கழுவி வெயிலில் வைத்தாள். க்ளெபோனை எங்கே வைப்பது? கையுறையால் எடுத்து, சிவப்புப் பிஸ்கட் டின் ஒன்றில் ஆணியால் ஓட்டை போட்டு, உள்ளே விட்டாள். டின் எப்படியோ மேஜைக்கு வந்து சேர்ந்தது.

ஜாவாவில் எந்த வீட்டிலும் பிஸ்கட் டின்னில் பிஸ்கட் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. உள்ளே பொரித்த அரிசி வடகம்தான் இருக்கும். அது எல்லோருக்கும் தெரியும். இபு சுமிர்திக்கும் தெரியும். அவர் பேட்டைத் தலைவரின் மனைவி. ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டில் மாப்பிள்ளை தரப்பாக எழுந்து பேச வேண்டியவர். அவர் பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டே, மூடியைத் திறந்து, பார்க்காமல் கையை விட்டார்.

பேச்சு நின்றது. முகம் வெளுத்தது. கை டின்னை விட்டு வெளியே வரவில்லை.

"வடகம் எப்படி, இபு?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள். மேஜையில் இருந்தது வேறு டின் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சோலோவில் விருந்தாளி குறை சொல்லக் கூடாது. இபு சுமிர்தியின் கண்ணில் நீர் நிறைந்தது. "நல்லா... மொறுமொறுன்னு இருக்கு" என்றார்.

"இன்னும் ஒண்ணு எடுத்துக்குங்க!"

"போதும்மா. கொஞ்சம் காரம்."

போகும்போது கைக்குட்டை சுற்றிய விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமைதானே... பாப்போம்" என்றார்.

அம்மா நாற்காலியில் சரிந்தாள். "பாப்போம்னுட்டாங்களே! வர மாட்டாங்கடா, லே."

வேறு யாரைக் கூப்பிடுவது? பேட்டை முழுக்க வடகத்தின் காரம் பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் திடீரென்று வேறு வேலை வந்தது. மிஞ்சியது ஒரே ஒருவன். விஷயம் தெரிந்ததும் அவனே, "நான் பேசறேன்! எனக்கு மைக்கே வேணாம்!" என்றான்.

"பொல்தாக்கா?" என்ற அம்மா தைலப் புட்டியைத் திறந்து தனக்கே தடவிக்கொண்டாள்.

கூட்டம் நடந்த அன்று மாலையே லக்சோனோ டின்னைத் தூக்கிக்கொண்டு பிராணிச் சந்தைக்குப் போனான். மனதில் ஒரு கள்ளத் திட்டம். இதே நிறத்தில், இதே அளவில், சாதுவான ஒன்றை வாங்கி மாற்றிவிடுவது.

முள்ளெலி விற்கும் பெரியவர் பாக் ஜுமாதி டின்னைத் திறந்து பார்த்தார். க்ளெபோனின் இடது காதில் ஒரு கிழிசல் உண்டு. அதைக் குனிந்து மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"இது எத்தனை நாளா உங்ககிட்ட இருக்கு, மாஸ்?"

"ஏழு நாள்."

"ஏழா!" பாக் ஜுமாதி எழுந்து, தன் முக்காலியைத் துடைத்து அவனுக்குப் போட்டார். உள்ளே திரும்பி, "ஒரு தேநீர், சக்கரை தூக்கலா!" என்று குரல் கொடுத்தார்.

"இதே மாதிரி, கடிக்காதது ஒண்ணு கிடைக்குமா?"

"இதே மாதிரி இந்த ஊர்லயே வேற கிடையாது" என்றார் அவர், எதையோ விழுங்கிக்கொண்டு. கடையோரம் எல்லாக் கூண்டிலும் பிராணிகள் இருந்தன. ஒன்று மட்டும் கழுவி, தண்ணீர் வைத்து, காலியாக இருந்தது. "அதுல ஒண்ணு விடலாமே?" என்று கேட்டதற்கு, "அது ஒருத்தருக்காக எடுத்து வச்சது" என்றார்.

பிறகு அவன் கையைப் பிடித்து, தன் மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"சோயா தெம்பே வறுவல், இறால் சம்பல்."

"கையால?"

"பின்ன?"

"அப்புறம் தைலம். அதுக்கு மேல மல்லிகை. அதுக்கும் மேல யாரோட கையுறையோ." அவர் தலையை ஆட்டினார். "மாஸ், இதுக்குக் கண்ணு பேருக்குத்தான். எல்லாம் மூக்குதான். தினம் ஒரு புது ஆள் வீட்டுக்குள்ள கையை விடறான்னு அது நினைச்சுக்கிட்டிருக்கு. ஒருத்தன் வறுத்த தெம்பே. ஒருத்தன் மருந்துக்கடை. ஒருத்தன் பூக்காரன். உங்க வீட்டுக்குள்ள தினம் ஒருத்தன் புகுந்து உங்களைத் தூக்கினா நீங்க என்ன செய்வீங்க?"

"கடிப்பேன்."

"அவ்வளவுதான்."

"நுரை தள்ளிச்சே?"

"புது வாசனைன்னா மென்னு முதுகுல பூசிக்கும். நீங்க தைலம் பூசிக்கிறீங்க, அது நுரை பூசிக்குது. அது ஒரு நோவும் இல்ல." அவர் தேநீரை அவன் பக்கம் நகர்த்தினார். "வெறும் தண்ணியில கை கழுவுங்க. வாசனை சோப்பு வேணாம். மூணு நாள் கரண்டியால சாப்பிடுங்க. நீங்க போட்டுக் கழட்டின பனியனை, துவைக்காம, அது படுக்கையில வைங்க. கடிச்சா இழுக்காதீங்க, கத்தாதீங்க, உடனே கூண்டுல விடாதீங்க. விட்டா ஜெயிச்சுட்டேன்னு நினைக்கும். அப்படியே உக்காந்து ஏதாவது பேசுங்க. இந்த ஆள் எங்கேயும் போக மாட்டான்னு அதுக்குத் தெரியணும்."

லக்சோனோ வீட்டுக்கு வந்து தைலப் புட்டிகளைத் திரட்டினான். பதினொன்று இருந்தன. எல்லாவற்றையும் எதிர் வீட்டுக்கு நாடுகடத்தினான். அம்மா அன்று மட்டும் ஆறு முறை, "காத்து பூந்துடுச்சு, லே" என்று எதிர் வீட்டைப் பார்த்து ஏங்கினாள். ஆனால் மீற மாட்டாள். அவளுக்கும் மருமகள் வேண்டியிருந்தது.

அவன் வெறுங்கையோடு க்ளெபோனை மடியில் வைத்துக்கொண்டான். கடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். என்ன பேசுவது? அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"மலாங் செல்லும் வண்டி... இரண்டாவது நடைமேடை... ஆறு மணி பத்து நிமிடம்..."

கடி கொஞ்சம் தளர்ந்தது.

"சுராபாயா செல்லும் வண்டி... மூன்றாவது நடைமேடை... பயணிகள் தங்கள் உடைமைகளை..."

விட்டது. முகர்ந்தது. பனியனில் இருக்கும் ஆளும் இந்த ஆளும் ஒரே ஆள்தான் என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும். மறுநாள் ஒரு முறைதான் கடித்தது. மூன்றாம் நாள், பண்டுங் வண்டி புறப்படுவதற்குள் அவன் உள்ளங்கையில் மூக்கைப் புதைத்துத் தூங்கிப்போனது. லக்சோனோ அசையவே இல்லை. கால் மரத்துப்போய் முழுசாக ஒரு மணி நேரம், ஒரு கொழுக்கட்டையைக் கையில் ஏந்திய சிலை போல உட்கார்ந்திருந்தான். அம்மா வாசல்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். சீர்த் தட்டுகள் நடுவில். வெனிங் வந்தாள். அதே குனிந்த தலை, அதே புன்னகை. கையில் பழைய துண்டு ஒன்றைத் தயாராக வைத்திருந்தாள், முள்ளெலியைச் சுற்றி வாங்கிக்கொள்வதற்கு.

மாப்பிள்ளை தரப்புப் பேச்சாளர் எழுந்தார். இப்படிப்பட்ட சபையில் மழை, விளைச்சல், முன்னோர், இரு குடும்பத்தின் ஆரோக்கியம் என்று முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டுத்தான் விஷயத்தின் வாசலுக்கே வருவார்கள். பொல்தாக் தொண்டையைச் செருமினான்.

"பையன் நல்லவன். பொண்ணு வேணும். குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

ஜன்னலில் இருந்த புறா பறந்துபோனது. வெனிங்கின் அப்பா தேநீர்க் கோப்பையைப் பாதி வழியில் நிறுத்தினார். அம்மா இல்லாத தைலத்துக்காகக் கைப்பையைத் துழாவினாள்.

லக்சோனோ அவசரமாக டின்னைத் திறந்தான். க்ளெபோனை வெறுங்கையால் எடுத்தான். அது கொட்டாவி விட்டு, அவன் உள்ளங்கையில் வாகாகத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

வெனிங்கின் தலை நிமிர்ந்தது. "கடிக்கலையா?"

"நான்தான் சொன்னேனே, க்ளெபோன் யாரையும்..."

"பொய்!" என்றான் பொல்தாக். "பத்து நாளும் கடி! கையைப் பாருங்க. ஒரு குடும்பம் வண்டியையே விட்டுடுச்சு!"

வெனிங் அவன் விரல்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு நம்பாதவள் போல, மெல்லத் தன் விரலை நீட்டினாள். க்ளெபோன் முகர்ந்தது. கடித்தது.

"ஆ!"

"இழுக்காதீங்க" என்று லக்சோனோ அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "பத்து நாள் வெளியூர்ல இருந்த கை, வாசனை மறந்திருக்கும். கத்தாதீங்க. ஏதாவது பேசுங்க. மலாங் செல்லும் வண்டி... இரண்டாவது நடைமேடை..."

க்ளெபோன் விட்டுவிட்டது. வெனிங்கிடமிருந்து ஒரு சிரிப்பு வந்தது. மரியாதைப் புன்னகை இல்லை. பல் தெரிய, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"இவ்வளவு கடிச்சும் ஏன் திருப்பிக் குடுக்கல, மாஸ்?"

"நீங்க குட்டியிலேருந்து வளர்த்தது. என்னை நம்பிக் குடுத்தீங்க. கடிக்குதுன்னு எப்படித் திருப்பிக் குடுக்கிறது?"

அவள் சிரிப்பு மெல்ல நின்றது. க்ளெபோனை ஒருமுறை பார்த்து, கையிலிருந்த துண்டை மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு பொல்தாக்கின் பக்கம் திரும்பி, சோலோவில் எந்தப் பெண்ணும் சபையில் சொல்லாத ஒரு முழு வாக்கியத்தைச் சொன்னாள்.

"எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு."

"இது பேச்சு!" என்றான் பொல்தாக். புறா மறுபடி ஜன்னல் பக்கம் வரவே இல்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் லக்சோனோ நிச்சயப் பலகாரப் பொட்டலத்தோடு பாக் ஜுமாதியின் கடைக்குப் போனான். க்ளெபோனுக்குப் புழு வாங்க வேண்டும், அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் பலகாரத்தை வாயில் போட்டு, கண்ணை மூடி ரசித்தார். கடையோரம், அன்று காலியாக இருந்த கூண்டில் இப்போது ஒரு முயல் உட்கார்ந்து கீரை தின்றுகொண்டிருந்தது.

"என்ன பாக், யாருக்கோ எடுத்து வச்சிருக்கேன்னு சொன்னீங்க. இதுல முயலை விட்டுட்டீங்களே?"

பாக் ஜுமாதி விரலில் ஒட்டிய தேங்காய்த் துருவலை நக்கிக்கொண்டார்.

"அது க்ளெபோனோட கூண்டுதான், மாஸ். உங்களுக்கு முன்னாடி நாலு மாப்பிள்ளை வந்திருக்காங்க, நாலு தடவையும் அந்தப் பொண்ணு இங்க வந்து, 'இருக்கிறதிலேயே ரொம்பக் கடிக்கிறதைக் குடுங்க, பாக்'னு அதைத்தான் வாங்கிட்டுப் போகும், மூணாம் நாளே சிரிச்ச முகத்தோட கொண்டாந்து விட்டுடும். இன்னிக்குக் காலையில நான் கடை திறக்கிறதுக்கு முன்னாடியே வந்து நின்னு, 'இனிமே அந்தக் கூண்டை நீங்க வேற எதுக்காவது வச்சுக்குங்க'ன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு."